இரண்டு கடலுக்கு நடுவே ஓர் இறக்கம்

எனக்குப் படிப்பு மூன்றாம் வகுப்போடு சரி. ஆனால் பெங்களூரிலிருந்து கிளம்புகிற எந்த ரோட்டையும் கண்ணை மூடிக்கொண்டு சொல்வேன். எந்த வளைவுக்கு எந்த கியர், எந்த ஏற்றத்தில் என்ஜின் முனகும், எந்தக் கடை டீயில் பால் இருக்கும், எல்லாம். ஜோலார்பேட்டைப் பக்கமிருந்து லாரி கிளீனராக வந்தவன் நான். ஈஜிபுராவில் சொந்த வீடு, ஓசூர் ரோட்டில் லாரி நிறுத்தும் இடம், நெற்றியில் என் பெயர் எழுதிய வண்டிகள் என்று எல்லாம் நானே உண்டாக்கியது. ஒருவரும் கொடுத்ததில்லை. இதைச் சொல்ல நான் வெட்கப்பட்டதும் இல்லை. கேட்கிறவர்கள்தான் சில நேரம் கடிகாரத்தைப் பார்ப்பார்கள்.

தொண்ணூறுகளின் கடைசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, என் சம்பந்தி என்னை ஒரு வரைபடத்தின் முன்னால் உட்கார வைத்தார்.

சம்பந்தி என்றால் என் ஒரே மகளின் மாமனார். அல்சூரில் மூன்று தலைமுறையாக இருக்கிற குடும்பம். சர்க்காரின் ரோடு போடும் இலாகாவில் பெரிய உத்தியோகம் பார்த்து ரிட்டையர் ஆனவர். நல்ல மனிதர். சிவப்புத் தரை போட்ட பழைய வீடு, பின்னால் கிணறு, முன்னால் மகிழமரம். பையன் நல்ல பையன்தான், எலெக்ட்ரானிக் சிட்டியில் கம்ப்யூட்டர் வேலை. இருந்தாலும் உள்ளதைச் சொல்கிறேன், அந்த வீட்டைப் பார்த்துத்தான் பெண்ணைக் கொடுத்தேன். வேலை இன்றைக்கு இருக்கும், நாளைக்குப் போகும். வீடு நிற்கும்.

சாப்பாட்டு மேசைமேல் இந்தியா முழுக்க விரித்துவைத்து, அதன்மேல் ஒரு மர ஸ்கேலை வைத்திருந்தார்.

"இங்க பாருங்க சம்பந்தி. சிங்கப்பூர் சைடுலேர்ந்து வர்ற கப்பல் அரபிக் கடலுக்குப் போகணும்னா இலங்கையைச் சுத்தித்தான் ஆகணும். தலையைச் சுத்தி மூக்கைத் தொடுறான். நாம என்ன பண்றோம், மெட்ராஸ்ல கண்டெய்னரை இறக்கிடறோம். பெங்களூர் வழியா நேரா மங்களூர். அங்க வேற கப்பல்ல ஏத்திடறோம். அவன் அங்க சுத்திக்கிட்டு இருக்கறப்போ நம்ம பெட்டி துபாய் பக்கம் போயிடும்!"

ஸ்கேலில் மெட்ராஸிலிருந்து மங்களூர்வரை ஒரு சாண்கூட இல்லை. மெட்ராஸில் ஒரு ஏஜென்ட் இவரைப் பிடித்திருந்தான். பத்து புது டிரெய்லர்கள் வாங்கினால் போதும், பெட்டிகளை அவன் கொடுப்பானாம். வண்டிகளைப் பார்த்துக்கொள்ளும் வேலை எனக்கு. என் இடத்திலேயே நிற்கும், என் ஆட்களே ஓட்டுவார்கள். யோசித்துப் பாருங்கள், எனக்கு வரும்படி வருகிற காரியம். அதையே நான் நம்பவில்லை என்றால் எவ்வளவு நம்பாமல் இருந்திருப்பேன்!

கடலுக்கு வளைவு கிடையாது. எதிரில் பஸ் வராது. கப்பல்காரன் டீ குடிக்க இறங்கமாட்டான். அவன் ஒரே தடவையில் சுமக்கிற சாமானை ரோட்டில் இறக்கினால் வண்டிக்குப் பின்னால் வண்டியாக ஓர் ஊரே நகர வேண்டும். அங்கே ஒரு தடவை இறக்கு, இங்கே ஒரு தடவை ஏற்று. திரும்பி வரும்போது எதை ஏற்றி வருவது? காலி வண்டி ஓட்டிப் பணக்காரன் ஆனவனை நான் பார்த்ததில்லை. இவ்வளவும் நெஞ்சில் வந்தது. வாயில் பாதிதான் வந்தது.

"இதுல சக்லேஷ்பூர் எங்க சம்பந்தி இருக்கு?"

விரல் வைத்துக் காட்டினார்.

"அதுக்கும் மங்களூருக்கும் நடுவுல விரல்கடை எடம் இருக்கு பாருங்க, அதுக்குள்ளதான் ஷிராடி காட் இருக்குது. மலையிலிருந்து கடலுக்கு இறங்கற ரோடு. மழைக்காலத்துல அந்த விரல்கடையைத் தாண்டறதுக்குள்ள மீசை நரைச்சிடும். காயிதத்துல அது தெரியாது."

"ரோடு போட்ட டிபார்ட்மெண்ட்ல இருந்தவன்கிட்டயே ரோடு பத்திச் சொல்றீங்களா?" என்று சிரித்தார். சம்பந்தியம்மா காபி கொண்டு வந்தார். நானும் சிரித்தேன். பெண்ணைக் கொடுத்தவன் வேறென்ன செய்வான்? நம் பக்கத்தில் அது எழுதாத சட்டம். பிள்ளையைப் பெற்றவர் சொன்னதை, பெண்ணைப் பெற்றவன் அவர் வீட்டிலேயே உட்கார்ந்து மறுக்கக்கூடாது. மறுத்தால் அது அவனோடு போகாது, பெண்ணின் தட்டில் வந்து விழும்.

வாசலில் செருப்பு மாட்டும்போது மகள் பின்னாலேயே வந்தாள்.

"அப்பா, வண்டி வாங்க இந்த வீட்டுப் பத்திரத்தை பேங்க்ல வெக்கப்போறாரு. அத்தை அழுதாங்க. மாமா கேக்கல."

"மாப்பிள்ளை?"

"அவரு அப்பா பேச்சைத் தாண்டமாட்டாரு. நீங்களும் ஒண்ணும் சொல்லிடாதீங்க. சொன்னா, உங்கப்பாதான் கெடுத்தாருன்னு ஆயுசுக்கும் நான் கேக்கணும்."

"அப்புறம் எதுக்கு எங்கிட்ட சொல்ற?"

"வேற யார்கிட்டப்பா சொல்றது?"

அன்றைக்கு ஈஜிபுரா வந்துசேரும்வரை ஸ்கூட்டரில் அந்த மகிழமரம்தான் என்கூட வந்தது. வாயைத் திறந்தால் பெண்ணுக்குக் கஷ்டம். மூடியிருந்தால் வீடே போகும்.

நான் ஒரு வழி கண்டேன். நான் சொல்லக்கூடாது, சரி. மலை சொல்லலாமே? "சம்பந்தி, கிரானைட் கல் ஏத்தற டிரெய்லர் ஒண்ணு எங்கிட்ட இருக்கு. வாங்கறதுக்கு முன்னால ஒரு பெட்டி போட்டுப் பாத்துடுவோம்" என்றேன். பெரிய மனது என்று என்னைப் புகழ்ந்தார். என் மனதில் இருந்தது வேறு. ஆனி மாதம், மழை பிடித்துக்கொண்டிருந்தது. பெட்டி காட் இறக்கத்தில் மாட்டும், கப்பல் போய்விடும், விஷயம் தானாகவே செத்துப்போகும்.

மெட்ராஸ் ஏஜென்ட் ஒரு பெட்டி கொடுத்தான். உள்ளே பலகை என்றார்கள். சீல் வைத்த பெட்டி, யார் திறந்து பார்த்தது? தோற்பதைக் கண்ணால் பார்க்க வேண்டுமென்று நானும் கேபினில் ஏறிக்கொண்டேன். ஓட்டியவன் தர்மபுரிக்காரன், என்னிடம் பல வருஷம் இருந்தவன்.

நினைத்தபடியே நடந்தது. சக்லேஷ்பூர் தாண்டி இறக்கம் தொடங்கியதுமே வண்டிகள் வரிசையாக நின்றன. எண்ணெய் டேங்கர் ஒன்று வளைவில் சாய்ந்து கிடந்தது. மேலே மழை, கீழே மூடுபனி. டிரைவர் என்ஜினை அணைத்துவிட்டு, "அவ்ளோதான் மொதலாளி, படுத்துக்க வேண்டியதுதான்" என்று காலை நீட்டினான்.

நான் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். பட்டேன், ஒரு பீடி பிடிக்கிற நேரம். அப்புறம் முன்னால் நின்ற லாரியிலிருந்து ஒருவன் தலையை நீட்டி, எங்கள் வண்டியின் நெற்றியைப் படித்துவிட்டு, "இவரு வண்டிகூடவா நின்னுச்சு?" என்றான்.

அவ்வளவுதான். வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு இறங்கினேன். என் பெயர் எழுதிய வண்டி லோடோடு நேரத்துக்குப் போகாமல் இருந்ததில்லை. அது ரத்தத்தில் இருக்கிற விஷயம், நான் சொன்னால் கேட்காது. வரிசை முழுக்க நடந்தேன். கன்னடக்காரனிடம் கன்னடம், டேங்கர் ஓட்டிய பாயிடம் அவர் பாஷை, கேரளாக்காரனிடம் கையைக் காட்டி. மரம் ஏற்றிய லாரியில் இருந்த சங்கிலியைக் கேட்டு வாங்கி டேங்கரில் மாட்டி இழுக்கச் செய்தேன். எந்த வண்டி பின்னால் போக வேண்டும், எது சுவரை ஒட்ட வேண்டும் என்று நடுரோட்டில் நின்று கத்தினேன். வழி கிடைத்ததும் டிரைவரைத் தள்ளிவிட்டு நானே ஸ்டியரிங்கில் உட்கார்ந்து, எவனுக்கும் வழிவிடாமல் வண்டியை மலையிலிருந்து இறக்கினேன். துறைமுகத்துக் கதவை மூடப்போன ஆளிடம் போட்ட சத்தத்தில் அவன் கதவை மறுபடி திறந்தான். பெட்டி கப்பலில் ஏறிற்று.

கிரேன் அதைத் தூக்கியபோதுதான் என் புத்தி திரும்பி வந்தது. என்ன காரியம் செய்துவிட்டேன்!

அல்சூரில் மைசூர்பாகு கொடுத்தார்கள். "பாத்தீங்களா? மழையிலயே போயிடுச்சு!" என்று சம்பந்தி என் கையைப் பிடித்துக் குலுக்கினார்.

"அது ரோட்டுனால போகல சம்பந்தி. நான் வண்டியில இருந்தேன், அதனால போச்சு. நான் இல்லன்னா இன்னும் அங்கியே நின்னுட்டு இருக்கும்."

"அதென்ன சந்தேகம்! நீங்க ஒரு அதட்டு போட்டா இமயமலையே ரிவர்ஸ் எடுக்குமே!"

வீடே சிரித்தது. மாப்பிள்ளையும் சிரித்தார். இத்தனை வருஷமாக நான் என்னைப் பற்றிச் சொன்னதையெல்லாம் காபியோடு சேர்த்துக் குடித்துப் பழகிய காதுகள் அவை. முழு உண்மையைச் சொன்ன அன்றைக்கும் இன்னொரு டம்ளர் காபிதான் வந்தது.

மகள் மட்டும் சிரிக்கவில்லை. சமையலறை நிலையில் நின்று, மற்றவர் காதில் விழாமல் கேட்டாள்: "யாருப்பா உங்கள நேரத்துக்குப் போகச் சொன்னது?"

கையிலிருந்த மைசூர்பாகைத் தட்டிலேயே வைத்துவிட்டேன்.

காப்பாற்றியது ஆடி மாதம். சம்பந்தி மறுநாளே பேங்குக்குப் போயிருப்பார். ஆனால் ஆடி பிறக்க இருந்தது, ஆடியில் நல்ல காரியம் தொடங்குவதில்லை. பேங்க் மேனேஜருக்கு அது புரியவில்லை. சம்பந்தியம்மாவுக்குப் புரிந்தது, பிடித்த பிடியை விடவில்லை. ஆவணி முதல் முகூர்த்தத்தில் கையெழுத்து என்று முடிவாயிற்று. ஒரு மாதம் எனக்குக் கிடைத்தது.

ஆடிப் பதினெட்டுக்குப் பழம், புடவை, இனிப்பு என்று தட்டுகளோடு அல்சூர் போனேன். சீர் வைத்தவன் எதையாவது கேட்டால் அன்றைக்கு இல்லை என்று சொல்லமாட்டார்கள்.

"சம்பந்தி, இன்னொரு பெட்டி போடுவோம். இந்தத் தடவை நீங்களும் வண்டியில வரணும். பத்து வண்டிக்கு ஓனர் ஆகப்போறீங்க, ஒரு வண்டியிலயாவது ஏறிப் பாக்க வேண்டாமா?"

அவருக்கு ரோஷம் வந்தது. "நாளைக்கே வர்றேன்" என்றார். மாப்பிள்ளை தயங்கினார். மகள் என் முகத்தைப் பார்த்தாள். நான் பார்க்கவில்லை.

வண்டி ஏறும்முன் எனக்கு நானே ஒரு சத்தியம் செய்துகொண்டேன். இறங்கக்கூடாது. கத்தக்கூடாது. ஸ்டியரிங் பக்கம் கை போகக்கூடாது. நான் இல்லாத வண்டி எப்படிப் போகுமோ அப்படித்தான் இது போக வேண்டும். சுண்டுவிரலைக்கூட அசைக்காமல் உட்கார்ந்திருப்பது எனக்கு எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

ஹாசன்வரை சம்பந்தி குஷியாக இருந்தார். ஜன்னலோரம் அவர், நடுவில் நான், ஸ்டியரிங்கில் அதே தர்மபுரிக்காரன். மடியில் குடை, பையில் மடித்த வரைபடம். சக்லேஷ்பூரில் மழை பிடித்தது. மலை தொடங்கிய இடத்தில் வரிசை நின்றது.

இந்தத் தடவை டேங்கர்கூட இல்லை. ஒரு லாரியின் சக்கரம் சாக்கடையில் இறங்கியிருந்தது, எதிரில் வந்த பஸ் மூக்கை நுழைத்திருந்தது. மூன்று வண்டி பின்னால் போனால் தீர்ந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே எனக்குத் தெரிந்தது. கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டேன்.

"என்ன சம்பந்தி, இறங்கலையா?"

"இல்லீங்க."

"அன்னிக்கு என்னமோ..."

"அன்னிக்கு வேற."

அப்புறம் குடையை விரித்து அவரே இறங்கினார். முன்னால் போய், நின்றிருந்த ஆட்களிடம் இங்கிலீஷ் கலந்த நல்ல கன்னடத்தில் வழி விடச் சொன்னார். தான் இன்ன இலாகாவில் இன்ன பதவியில் இருந்ததையும் சொல்லியிருப்பார் போலிருக்கிறது. பஸ் டிரைவர் ஜன்னல் வழியாகத் தலையை நீட்டினான்.

"ஏனு சார், இது நிம்ம ரோடா?"

உங்க ரோடா இது என்று அவன் கேட்டதும் மழையில் நின்றவர்கள் எல்லோரும் சிரித்தார்கள். சம்பந்தி முழுக்க நனைந்து திரும்பினார். நேரம் போய்க்கொண்டிருந்தது. மாலைக்குள் பெட்டி துறைமுகம் சேராவிட்டால் கப்பல் இல்லை.

"நீங்க இறங்கிச் சொல்லுங்க. நீங்க சொன்னா கேப்பாங்க."

"நாளைக்குப் பத்து வண்டி போகும்போது நான் எந்த வண்டியில இருப்பேன் சம்பந்தி?"

"வேணும்னே பண்றீங்க."

அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். சம்பந்தம் என்கிற கயிறு அந்த கேபினில் ஒரு இழையில் நின்றது. என் பெண்ணின் முகம் வந்துவந்து போயிற்று. டிரைவர் எங்கள் இருவரையும் மாற்றி மாற்றிப் பார்த்துவிட்டு வெற்றிலை போட்டுக்கொண்டான்.

மதியம் தாண்டி, யார் எதைச் செய்தார்களோ, வரிசை அசைந்தது. எல்லோரும் ஒரே நேரத்தில் இறங்கத் தொடங்கினார்கள். எங்கள் வண்டியும் இறங்கியது. கொஞ்ச தூரத்தில் என்ஜின் சத்தம் தணிந்தது. காற்றுச் சத்தமும் டயர்ச் சத்தமும் மட்டும் கேட்டன.

டிரைவர் நியூட்ரலில் விட்டிருந்தான்.

இது எங்கள் தொழிலில் எல்லோரும் செய்வது. இறக்கத்தில் கியரை எடுத்துவிட்டால் வண்டி தானே உருளும், டீசல் மிஞ்சும். மிஞ்சுகிற டீசல் டிரைவருக்கு, அது வழக்கம். நானும் செய்தவன்தான். சாதா லாரியில், காய்ந்த ரோட்டில். டிரெய்லர் வேறு. முதுகில் இருப்பது பாரமான பெட்டி, உள்ளே எப்படி அடுக்கியிருக்கிறார்கள் என்று நமக்குத் தெரியாது. என்ஜின் பிடிக்காவிட்டால் எல்லாப் பாரத்தையும் பிரேக் ஒன்றே தாங்க வேண்டும். முதல் தடவை நான் ஓட்டியதால் கியர் இருந்தது. பத்து வண்டியிலும் இவனைப் போலத்தான் பத்து பேர் இருப்பார்கள்.

சம்பந்திக்கு ஒன்றும் தெரியவில்லை. "இப்பதான் ஸ்மூத்தா போகுது" என்றார்.

சத்தியம் ஒரு பக்கம். இன்னொரு பக்கம் மகளின் மாமனார். பிரேக் எரிகிற வாடை மூக்கில் ஏறியது. முன்னால் வளைவு. வளைவுக்கு அப்பால் வெறும் வெள்ளை மூடுபனி.

"கியர்ல போடுடா!"

அவனுக்கே அப்போதுதான் உறைத்தது. கிளட்சை மிதித்து கியரைத் தள்ளினான். பற்கள் அறைந்துகொண்டன, விழவில்லை. இன்னொரு தடவை. விழவில்லை. சம்பந்தி என் மணிக்கட்டைப் பிடித்தார். "மலைப்பக்கம்! மலைப்பக்கம் ஒடி!" என்று கத்தினேன். இடது சக்கரங்கள் சாக்கடையில் இறங்கின, பெட்டி மண்சுவரைத் தேய்த்துக்கொண்டே போயிற்று, கண்ணாடி நொறுங்கியது. ஒரு குலுக்கலோடு நின்றோம்.

மழைச் சத்தம் மட்டும் கேட்டது. மூவருக்கும் அடி இல்லை. டிரைவர் ஸ்டியரிங்கில் தலையை வைத்து, "மொதலாளி, எப்பவும் பண்றதுதானே மொதலாளி" என்று திரும்பத் திரும்பச் சொன்னான்.

இறங்கிப் பார்த்தோம். டிரெய்லரின் வால் ரோட்டைக் குறுக்கே அடைத்துக்கொண்டு கிடந்தது. இப்போது வழியை மறித்தவர்கள் நாங்கள்தான். மேலேயும் கீழேயும் ஹாரன்கள் அலறத் தொடங்கின. கீழிருந்து ஏறிவந்த இன்னொரு பஸ்ஸின் கண்டக்டர் இறங்கி வந்து, குடையோடு நின்ற சம்பந்தியை மேலும் கீழும் பார்த்து, "நிம்ம காடினா சார்?" என்று கேட்டான்.

"ஹவுது" என்றார் சம்பந்தி. "நம்ம வண்டிதான்."

வண்டியை எடுக்க ஆள் வந்து இழுப்பதற்குள் கப்பல் நேரம் போய்விட்டது. ரோட்டோரக் கல்லில் உட்கார்ந்து இருவரும் டீ குடித்தோம். பால் இல்லாத டீ. அவர் பையிலிருந்த வரைபடம் ஊறி, மடிப்புகளில் கிழிந்திருந்தது. அதை எடுத்து வெளியே வைத்தார், திரும்ப உள்ளே வைத்தார். அப்புறம் கேட்டார்:

"அன்னிக்கு நெஜமாவே நீங்கதான் கொண்டு சேத்தீங்களா?"

எவ்வளவு சொல்லியிருக்கலாம்! சங்கிலி, டேங்கர், துறைமுகத்துக் கதவு எல்லாம் நாக்கு நுனியில் வந்து நின்றன.

"ஆமாங்க" என்றேன்.

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். வீட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. நானும் கேட்கவில்லை. அல்சூர் வாசலில் இறங்கும்போது, உள்ளே வாங்க என்றுகூட அவர் சொல்லவில்லை. கோபமா, களைப்பா, தெரியவில்லை. மகள் கதவைத் திறந்தாள். சம்பந்தியின் சட்டையில் ஒட்டியிருந்த சேற்றைப் பார்த்தாள். கதவு மூடிற்று.

அதன்பின் ஆடி முடியும்வரை அங்கிருந்து போன் இல்லை. நான் செய்யவும் முடியவில்லை. செய்து என்ன கேட்பது? ஆவணி முதல் முகூர்த்தம் விடிந்தது. குளித்து, விபூதி வைத்து, போனுக்குப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார்ந்தேன். நல்ல நேரம் தொடங்கியது. கையெழுத்துப் போட வீட்டிலிருந்து புறப்பட வேண்டிய நேரம் வந்தது. பொறுக்க முடியவில்லை, நானே சுழற்றினேன்.

மகள்தான் எடுத்தாள்.

"என்னம்மா, எல்லாரும் எங்க?"

"அத்தை கோயிலுக்குப் போயிருக்காங்க. அவரு ஆபீஸ்."

"மாமா? பேங்குக்கா?"

அவள் குரலைத் தாழ்த்தினாள். "வாசல்ல இருக்காருப்பா. மகிழமரத்துக் கெளை ஒண்ணு வீட்டு மேல சாயுதாம். வெட்டலாமா, கயிறு கட்டி இழுக்கலாமான்னு கேக்கணுமாம். உங்களத்தான் வரச் சொன்னாரு."